எழுதி இயக்குகிறவனிடம் மலைப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உட்கார்ந்தால், யாராவது ஒரு தம்பியோ தங்கையோ நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிடுகிறார்கள். "அண்ணா, ஒரு கதை வெச்சிருக்கேன்." கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் பிள்ளைகள்தான் அதிகம். கொடைக்கானலிலிருந்து போன் வருவதும் உண்டு. கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். பதில் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிடுகிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

நீங்கள் யார், என்ன படம் எடுத்தீர்கள்?

ஊட்டி இந்து நகரில் வளர்ந்தவன். அப்பா இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தார். 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த கம்பெனி. பிலிம் சுருளில் மருந்து பூசும் இடத்தில் எப்போதும் இருட்டு. வெளிச்சம் பட்டால் சரக்கு போச்சு. வீட்டில் கரண்ட் போனால் நாங்கள் எல்லாம் அப்படியே நிற்போம். அப்பா மட்டும் எழுந்துபோய், எதிலும் இடிக்காமல், தீப்பெட்டியை எடுத்து வருவார். எனக்கும் சினிமாவுக்கும் முதல் சம்பந்தம் அதுதான். நான் சொந்தமாகப் படம் இயக்க வந்தபோது சுருளே கிடையாது, எல்லாம் டிஜிட்டல்.

பதினொரு வருஷம் உதவி இயக்குநர், இணை இயக்குநர். 2016-இல் ஒரு படம் எழுதி இயக்கினேன். ஒன்பது நாள் ஓடியது. பேரைச் சொன்னால் "அப்படி ஒரு படம் வந்துச்சா?" என்பீர்கள், எதற்கு வம்பு. அதன் பிறகு மற்றவர்கள் படத்துக்குத் திரைக்கதையும் வசனமும் எழுதிப் பிழைக்கிறேன்.

எழுதுவது ஒருத்தர், இயக்குவது ஒருத்தர் என்று இருக்கக் கூடாதா?

தாராளமாக இருக்கலாம். கொடைக்கானலில் ஒரு குகைக்கே பேரை மாற்றிய 'குணா' (1991) படத்தை எழுதியவர் சாப் ஜான், வசனம் பாலகுமாரன், இயக்கம் சந்தான பாரதி. மூன்று பேர். குகைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

ஆனால் "கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்" என்று நாலுக்கும் சேர்த்து ஒரே பேர் திரையில் விழுவது நம் ஊரில் பழைய வழக்கம். ஸ்ரீதர் வசனம் எழுதிக்கொண்டிருந்துவிட்டு 1959-இல் 'கல்யாணப் பரிசு' மூலம் இயக்குநர் ஆனார். பாலசந்தர் 1964-இல் 'தெய்வத்தாய்'க்கு வசனம் எழுதினார், மறுவருஷமே 'நீர்க்குமிழி'யை இயக்கினார். 'தங்கப்பதக்கம்' எழுதிய மகேந்திரன் 1978-இல் 'முள்ளும் மலரும்' எடுத்தார். பாக்யராஜும் எழுத்து வழியாக வந்தவர்தான்.

இதில் கலை ஆசை எவ்வளவோ, பிழைப்பும் அவ்வளவு. ஒரு ஆபீசுக்குக் கதையோடு போனால் முதல் கேள்வியே "டைரக்டர் யாரு?" என்பதுதான். நான்தான் என்று சொன்னால் நாற்காலி கிடைக்கும். எழுதியது நான், இயக்க ஒருத்தரைத் தேடணும் என்றால் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவார்கள். இப்படி நாற்காலிக்காக இயக்குநர் ஆனவர்கள் நிறையப் பேர். நானும் கொஞ்சம் அப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கதை நம்முடையது, அப்புறம் இயக்குவதில் என்ன சிரமம்?

என் படத்தில் காட்சி 63. சென்னை சாலிகிராமத்து அறையில், மின்விசிறி கடகடக்க, ஒரு நிமிஷத்தில் எழுதியது: "அதிகாலை. வெளி. தேயிலைத் தோட்டம். கிழவர் மூடுபனிக்குள் நடந்து போய் மறைகிறார்." எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. கதை சொல்லும்போதும் எல்லாரும் அந்த இடத்தில் உச்சுக் கொட்டினார்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் எடுக்கப் போனோம். யூனிட்டில் எழுபது பேருக்கு மேல். விடியற்காலை நாலு மணிக்கு எல்லாரையும் எழுப்பி, சமவெளியிலிருந்து வந்த லைட்மேன்கள் பல் கிட்டிக்க நின்றார்கள். ஆறு மணிக்கு வெளுத்தது. வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி. ஒரு பொட்டு மேகம் இல்லை. எட்டு மணி வரைக்கும் காத்திருந்தோம். மத்தியானம் இரண்டு மணிக்கு, சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது, மேகம் இறங்கியது. ஓடினோம். கேமராவை வைப்பதற்குள் பத்தடி தூரத்தில் நிற்கிற கிழவரே தெரியவில்லை. மறைய வேண்டியவர் நடக்கிறதுக்கு முன்னாலேயே மறைந்துவிட்டார்.

மறுநாள் புகை மெஷின் கொண்டுவந்து போட்டோம். காற்று சரிவில் கீழே அடித்துக்கொண்டு போய், புகை முழுவதும் பக்கத்துத் தொழிலாளர் லயன் வீடுகளுக்குள் நுழைந்தது. ஒரு ஆயா வெளியே வந்து திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. பெரியவர் நடிகரின் கால்ஷீட் அன்று சாயங்காலம் ஆறு மணியோடு முடிகிறது. மலையில் நாலரைக்கே வெயில் மேட்டுக்குப் பின்னால் போய்விடும்.

கொழுந்து எடை போடும் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். தராசுக் கொக்கியில் யாரோ ஒரு குடையை மாட்டியிருந்தார்கள். காற்றில் அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கேமராமேனைக் கூப்பிட்டேன். கிழவர் வந்து குடையைக் கொக்கியில் மாட்டுகிறார், திரைக்கு வெளியே போகிறார், குடை மட்டும் ஆடுகிறது. இருபது நிமிஷத்தில் எடுத்தாகிவிட்டது. புரொடக்‌ஷன் மேனேஜர் என் தோளைத் தட்டி, "இதையே முதல்ல எழுதியிருந்தா ரெண்டு நாள் மிச்சம் தம்பி" என்றார்.

எனக்குள் இருந்த எழுத்தாளன் அந்த ஆளோடு இரண்டு நாள் பேசவில்லை. எடிட்டிங்கில் பார்த்தபோது குடைதான் சரி என்று பட்டது. வேறொருத்தர் இயக்கியிருந்தால் "என் பனியைக் கெடுத்துட்டான்" என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். எழுதி இயக்குகிறவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. தான் எழுதின வரியைத் தானே அடிக்க வேண்டும், அதுவும் எழுபது பேர் பார்க்க.

எழுதினபடியே எடுத்தால்தானே நல்ல படம்?

இந்தக் கேள்விக்கு நான் சொல்வது கேத்தி ரயில் ஸ்டேஷன். 'மூன்றாம் பிறை' (1982) கடைசிக் காட்சியை அங்கேதான் எடுத்தார்கள். பாலு மகேந்திரா எழுதினார், இயக்கினார், ஒளிப்பதிவும் அவரே. அன்று அங்கே மழை. வரவழைத்த மழை இல்லை, தானாகப் பெய்தது. அவர் படப்பிடிப்பைத் தள்ளிவைக்காமல் மழையோடவே எடுத்தார். ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் அந்தப் படத்துக்கே வந்தது. இப்போது அந்தக் காட்சியை மழை இல்லாமல் நினைத்துப் பாருங்கள், முடிகிறதா? கதையின் அடி எது, மேல்பூச்சு எது என்று எழுதினவருக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்த இடத்தில் அவரால் முடிவெடுக்க முடிந்தது. எழுதி இயக்குவதில் லாபம் என்று ஒன்று இருந்தால் இதுதான்.

உதவி இயக்குநராகச் சேர மலையை விட்டு இறங்கித்தான் ஆகணுமா?

ஆமாம். குறும்படம் எடுத்து நேரே பட வாய்ப்பு வாங்கியவர்கள் உண்டு. ஆனால் நீங்கள் கேட்பது உதவி இயக்குநர் வேலை, அது சென்னையில் இருக்கிறது. வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் நாலு பேர் சேர்ந்து அறை எடுப்பீர்கள். முதல் வருஷம் வெயில்தான் பெரிய எதிரி. ஊட்டிக் குளிரில் வளர்ந்த உடம்பு, மே மாசம் அக்னி நட்சத்திரத்தில் தெரு முனையில் ஜூனியர் ஆர்டிஸ்டுகளை எண்ணிக்கொண்டு நிற்கும்.

ஆரம்பத்தில் கிளாப் அடிப்பீர்கள். அப்புறம் கன்டினியூட்டி: போன ஷாட்டில் சட்டைப் பொத்தான் எத்தனை திறந்திருந்தது, டம்ளரில் காபி எவ்வளவு இருந்தது. அப்புறம் காஸ்ட்யூம், ஆர்டிஸ்ட், ஷெட்யூல். நான் சேர்ந்தபோது சுருள் காலம். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று பதினொரு நிமிஷம் ஓடும். ஒவ்வொரு டேக்குக்கும் எத்தனை அடி போச்சு என்று எழுதுவது என் வேலை. அந்த நோட்டு எனக்குத் திரைக்கதை கற்றுக்கொடுத்தது. எந்த இயக்குநர் எந்தக் காட்சியில் அடிகளைக் கொட்டுகிறார் என்று பார்த்தால், எழுத்தில் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். எழுத்தில் தெளிவில்லாத காட்சிக்குத்தான் பதினெட்டு டேக் போகும்.

படித்துவிட்டு வரணுமா?

கட்டாயமில்லை. முடிந்தால் நல்லது. தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இயக்கமும் திரைக்கதையும் சேர்ந்த நாலு வருஷப் பட்டப் படிப்பு அங்கே உண்டு. புனேயிலும் கொல்கத்தாவிலும் மத்திய அரசு நிறுவனங்கள். புனேயில் திரைக்கதைக்கென்றே தனிப் படிப்பும் நடக்கிறது. தனியார் ஒன்றுக்கு லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன்னால் அப்பா அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

திரைக்கதையை எப்படி எழுதுவது, ஏதாவது ஃபார்மட் இருக்கிறதா?

முதலில் ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம். பேர்தான் ஒன்லைன், பத்துப் பதினைந்து பக்கம் வரும். அப்புறம் சீன் ஆர்டர், காட்சிகளின் வரிசை. அப்புறம் வசனத்தோடு முழுசாக எழுதிக் கட்டினால் பவுண்டட் ஸ்கிரிப்ட். பழைய ஆட்கள் தாளை நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று எழுதுவார்கள். நான் இன்னும் அப்படித்தான். கம்ப்யூட்டரில் எழுதினால் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிஷம் என்று கணக்கு வைப்பார்கள்.

இதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். நேரம் பிடிப்பது இடைவேளை. வெளிநாட்டுத் திரைக்கதைப் புத்தகங்களில் இடைவேளைக்கு அத்தியாயம் இருக்காது. நம் ஆட்கள் நடுவில் எழுந்து போய் பாப்கார்ன் வாங்கிவிட்டு வந்து திரும்பக் கதைக்குள் நுழைய வேண்டும். மனதில் ஒரு கேள்வியோடு எழுந்தால்தான் திரும்பி வரும்போது அதைத் தேடுவார்கள். என் படத்தில் இடைவேளை ஒரு பாட்டு முடிந்த இடத்தில் விழுந்தது. ஒன்பது நாளுக்கு அதுவும் ஒரு காரணம்.

கதை டிஸ்கஷனுக்கு எல்லாரும் ஊட்டி, கொடைக்கானல் வருகிறார்களே, இங்கே இருந்தால் நன்றாக எழுத வருமா?

சிரிப்புத்தான் வருகிறது. கீழே இருந்து வருகிறவர்களுக்குக் குளிர் புதுசு, அறைக்குள்ளேயே இருந்து எழுதுவார்கள். நமக்கு வீட்டில் கேஸ் தீர்ந்திருக்கும், உருளைக்கிழங்குக்கு மருந்தடிக்க ஆள் வந்திருக்கும்.

கதையை யாராவது எடுத்துக்கொண்டால்?

எனக்கே நடந்திருக்கிறது. ஒரு ஆபீசில் மூன்று தடவை கதை சொன்னேன். "பார்க்கலாம்" என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து வேறொரு படத்தில் என் இரண்டாம் பாதி அப்படியே நடந்துபோனது. ஒன்றும் செய்ய முடியவில்லை, என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. வாயால் சொன்னதுதான்.

ஆகையால் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகிக் கதையைப் பதிவு செய்யலாம். மும்பையில் இருக்கிற எழுத்தாளர் சங்கம் இணையத்திலேயே பதிவு செய்கிறது. டெல்லி பதிப்புரிமை அலுவலகத்திலும் பதியலாம். பதியாவிட்டாலும் எழுதின அன்றே உரிமை உங்களுடையதுதான், 1957-ஆம் வருஷத்துச் சட்டப்படி. ஆனால் முதலில் எழுதியது நீங்கள்தான் என்று காட்ட ஏதாவது கையில் வேண்டுமே. 2018-இல் ஒரு பெரிய தீபாவளிப் படத்தின் கதை விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அங்கே பேசியது, 2007-இல் சங்கத்தில் பதிந்து வைத்திருந்த ஒரு கதைதான்.

வெறும் யோசனைக்குச் சட்டத்தில் உரிமை கிடையாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். "மலை ரயிலில் ஒரு காதல்" என்பது யாருக்கும் சொந்தமில்லை. அதை நீங்கள் எழுதிய விதம்தான் உங்களுடையது.

இன்னொன்று. அக்ரிமென்டில் "எல்லா உரிமைகளும்" என்று எழுதியிருந்தால் பயப்படாதீர்கள், ஆனால் படித்துப் பாருங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டருக்கு வெளியே உங்கள் எழுத்து பயன்படுவதற்கான ராயல்டியை நீங்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். பணம் கைக்கு வருகிறதா என்று கேட்டால், அது வேறு கதை.

சம்பளம்?

உதவி இயக்குநருக்குப் பேட்டா வரும், சம்பளம் வந்தால் வந்ததுதான். எழுத்துக்குத் தவணை: அட்வான்ஸ், ஸ்கிரிப்ட் கொடுக்கும்போது, படப்பிடிப்பு தொடங்கும்போது. கடைசித் தவணை என்று ஒன்று இருந்தால் அதை நம்பி வீட்டு லோன் வாங்காதீர்கள். எழுதி இயக்கும்போது இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரே தொகை பேசுவார்கள். எழுத்துக்கு எவ்வளவு, இயக்கத்துக்கு எவ்வளவு என்று அக்ரிமென்டில் பிரித்து எழுதச் சொல்லுங்கள். நடுவில் இயக்குநரை மாற்றினாலும் எழுதிய பணமாவது மிஞ்சும்.

நம் ஊரிலேயே எடுத்தால் செலவு குறையுமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். 2024 மே 7-லிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நீலகிரிப் பதிவெண் டி.என். 43 வண்டி உங்களிடம் இருக்கலாம், ஜெனரேட்டர் வண்டி கீழே இருந்துதான் வரும். சீசனில் பூங்காக்களில் படப்பிடிப்புக்கு விடமாட்டார்கள். காட்டுக்குள் என்றால் வனத்துறை, ஸ்டேஷன் என்றால் தெற்கு ரயில்வே. குடிக்கிற தண்ணீருக்குச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில் இந்த மலையில் கூடாது. கேன் வாங்கி, டம்ளர் வைத்து, அதைக் கழுவ ஒரு ஆளும் வையுங்கள்.

மழைக் கணக்கும் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கம் கொட்டும். இதை வைத்து ஒரு மாசத்தில் மலையின் எந்தப் பக்கம் எடுக்கலாம் என்று ஷெட்யூல் போடலாம். இது வெளியூர் மேனேஜருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். மலைக்காரனாக இருப்பதில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை இதுதான்.

எல்லாவற்றையும் நிஜ இடத்தில்தான் எடுக்கணும் என்றும் பிடிவாதம் வேண்டாம். கொடைக்கானல் குகையில் 2006-இல் நடந்ததை வைத்து சிதம்பரம் எழுதி இயக்கிய 'மஞ்சும்மெல் பாய்ஸ்' (2024) படத்துக்குக் குகையின் உட்புறத்தைப் பெரும்பாவூரில் செட் போட்டுத்தான் எடுத்தார்கள். தியேட்டரில் யாராவது கண்டுபிடித்தார்களா?

மலைக்காரர்கள் என்ன கதை எழுதணும்?

இதற்கு நான் யார் சொல்ல. ஆனாலும் ஒரு ஆதங்கம். சினிமாவில் நம் மலை ஒரு பாட்டுக்கோ, தேனிலவுக்கோ, ஒரு கொலைக்கோ வருகிறது. பின்னால் கொழுந்து பறிக்கிற பெண்கள் வரிசையாக நிற்பார்கள், ஒருத்திக்கும் பேர் இருக்காது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் என்னிடம் நோட்டோடு வருகிறவர்களில் பாதிப் பேர். அவர்கள் எழுதிக்கொண்டு வருவது ராயபுரத்து ரவுடி கதை! "ராயபுரம் பார்த்திருக்கியா?" என்றால், "இல்லண்ணா, படத்துல பார்த்திருக்கேன்." போன மாசம் ஒரு தம்பியிடம் உன் பாட்டி கப்பலில் எதைக் கொண்டுவந்தார் என்று கேட்டேன். அம்மிக் குழவி என்றான். அம்மி அங்கேயே இருக்க, குழவியை மட்டும் சேலையில் சுற்றிக்கொண்டு வந்தாராம். அந்த நோட்டில் 120 பக்கம் இருந்தது, அந்தக் குழவி ஒரு பக்கத்திலும் இல்லை.

பெண்கள் வரலாமா அண்ணா?

வரலாமா என்று கேட்காதே கண்ணு, வா. சுதா கொங்கரா மணிரத்னத்திடம் வருஷக்கணக்கில் உதவி இயக்குநராக இருந்தவர். 'சூரரைப் போற்று' (2020) படத்துக்குச் சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருதை ஷாலினி உஷா நாயரும் அவரும் சேர்ந்து வாங்கினார்கள். தங்கும் இடம், இரவுப் படப்பிடிப்பு முடிந்து திரும்ப வண்டி, இந்த இரண்டையும் வேலைக்குச் சேரும் முன்பே கேட்டுவிடு. கேட்டதற்கு முகம் சுளிக்கிற யூனிட் வேண்டாம்.

உங்கள் அடுத்த படம் எப்போது?

ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது. மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருத்தர் இரண்டாம் தடவை கூப்பிட்டிருக்கிறார். காட்சி 41 "கொட்டும் மழை, இரவு, மேட்டுப்பாளையம் ரோடு" என்று இருந்தது. போன வாரம் அதை அடித்துவிட்டு, "மழை விட்டுவிட்டது, ரோடு ஈரம்" என்று மாற்றி எழுதினேன். ஒரு தண்ணீர் லாரி போதும்.